காவலும் புதுப்பித்தலும்

நுழையும்முன்

கணினியைக் காப்பதற்காக நாம் நிறுவும் மென்பொருளே, இணையத்தை வீட்டிற்குள் கொண்டுவரும் கருவியைப் புதுப்பிக்கவிடாமல் தடுப்பதுண்டு. காவலும் வேண்டும், புதுப்பித்தலும் வேண்டும். இவ்விரண்டும் முரண்படும் இடத்தில் எதற்கு, எவ்வளவு, எத்துணை நேரம் வழிவிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வெற்றிலைச் சந்தை கூடும் ஊராகிய தருமபுரி மாவட்டத்துக் கடத்தூரில் இன்று பட்டா நகல் பெறுவதும் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பதும் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் இணையவழியில் இயல்கின்றன. வீட்டிலிருந்து இப்பணிகளைச் செய்வோரின் தகவல்கள் யாவும், சுவரோரம் ஒளிரும் ஒரு சிறு பெட்டியைக் கடந்தே செல்கின்றன. திசைவி எனப்படும் அப்பெட்டியை மக்கள் ரவுட்டர் என்றும் மோடம் என்றும் வழங்குகின்றனர்.

திசைவியும் ஒரு கணினியே

திசைவிக்குள் செயலி உண்டு, நினைவகம் உண்டு, அதனை இயக்கும் நிரல்தொகுப்பும் உண்டு. மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் பதிந்திருக்கும் அந்நிரல்தொகுப்பே நிலைப்பொருள் எனப்படுகிறது. எந்த நிரலும் பிழையற்றதன்று. நிலைப்பொருளில் உள்ள பிழைகள் காலப்போக்கில் வெளிப்படும்போது, தயாரிப்பாளர் அவற்றைத் திருத்திப் புதிய பதிப்பை வெளியிடுகிறார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மனங்கொள்ள வேண்டும். கணினியில் உள்ள நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் அக்கணினியை மட்டுமே காக்கிறது. திசைவியின் உள்ளே நடப்பதை அதனால் முழுமையாகக் காண இயலாது. வீட்டுத் திசைவிகளுள் பெரும்பாலானவற்றில் அத்தகைய மென்பொருளை நிறுவவும் வழியில்லை. ஆகவே, நிலைப்பொருளைப் புதுப்பித்தலும் வலிய கடவுச்சொல் இடுதலுமே திசைவிக்குரிய முதன்மைக் காவல்களாகும்.

காவலற்ற வாயில்கள்

2016ஆம் ஆண்டு பரவிய ‘மிராய்’ என்னும் நச்சுநிரல், தயாரிப்பாளர் இட்ட தொடக்கக் கடவுச்சொற்களில் ஏறத்தாழ அறுபதை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தே திசைவிகளையும் கண்காணிப்புக் கேமராக்களையும் கைப்பற்றியது. அவ்வாறு கைப்பற்றிய கருவிகளைக் கொண்டு அக்டோபர் 21 அன்று ‘டைன்’ என்னும் அமெரிக்க நிறுவனத்தின்மீது தாக்குதல் நடத்தப்பட்டது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் பலருக்கு எட்டாமற்போயின. அடுத்த மாதம் மிராயின் திரிபு ஒன்று ஜெர்மனியில் டாய்ச்சு டெலிகாம் வாடிக்கையாளர் ஏறத்தாழ 9 லட்சம் பேரின் இணைய இணைப்பைக் குலைத்தது. அங்குத் தீர்வாக அமைந்தது புதிய நிலைப்பொருளே.

இந்தியாவும் இதற்கு விலக்கன்று. 2017 ஜூலையில் பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனத்தின் அகலப்பட்டை வலையமைப்பின் ஒரு பகுதியை நச்சுநிரல் தாக்கியது. ‘அட்மின்’ என்னும் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றாதிருந்த மோடங்கள் பாதிப்புக்குள்ளாயின. கடவுச்சொல்லை மாற்றுமாறு அந்நிறுவனம் வாடிக்கையாளர்களை அறிவுறுத்தியது. ஒரு வீட்டின் கவனமின்மை அவ்வீட்டோடு முடிவதில்லை. கைப்பற்றப்பட்ட கருவி பிறரைத் தாக்கும் கருவியாகவும் மாறிவிடுகிறது என்பதே இந்நிகழ்வுகள் உணர்த்தும் பாடம்.

காவலன் தடுக்கும் இடங்கள்

புதுப்பித்தல் இத்துணை இன்றியமையாததாயின், தடுப்பு மென்பொருள் அதனை ஏன் மறிக்கிறது? மூன்று இடங்களில் இம்முரண் எழலாம்.

முதலாவது, கோப்பைப் பதிவிறக்கும் இடம். பலரும் பயன்படுத்தும் கோப்பைத் தடுப்பு மென்பொருள் எளிதில் நம்புகிறது. அரிதாகக் காணப்படும் கோப்பை ஐயுறுகிறது. குறிப்பிட்ட ஒரு மாதிரிக்கென உருவாக்கப்பட்ட நிலைப்பொருள் அரிதான கோப்பே. அது சுருக்கப்பட்டும் மறையாக்கம் செய்யப்பட்டும் இருப்பின் ஐயம் மேலும் வலுக்கிறது. இதனால், குற்றமற்ற கோப்பும் தனிமைப்படுத்தப்படலாம்.

இரண்டாவது, கோப்பைத் திசைவிக்குள் ஏற்றும் இடம். கணினியின் உலாவியில் திசைவியின் மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து இப்பணியைச் செய்கிறோம். திசைவி பெரும்பாலும் தனக்குத் தானே வழங்கிக்கொண்ட பாதுகாப்புச் சான்றையே காட்டுகிறது. இணையப் போக்குவரத்தை இடைநின்று சோதிக்கும் தடுப்பு மென்பொருள், அச்சான்றை ஏற்காமல் இணைப்பை மறிக்கலாம்.

மூன்றாவது, பழுதான திசைவியை மீட்கும் இடம். சில திசைவிகள் மீட்புநிலையில் ‘டிஎஃப்டிபி’ என்னும் எளிய நெறிமுறையின்வழிக் கணினியிலிருந்து கோப்பைப் பெறுகின்றன. அதற்குக் கணினியின் 69ஆம் எண் துறை திறந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் வேண்டுகோள்களைத் தடுக்கும் தீச்சுவர் அதனை அடைத்து வைத்திருக்கும்.

இவை மூன்றிலும் மென்பொருள் தன் கடமையைத்தான் செய்கிறது. ஆயினும், அதன் தீர்ப்பு எப்போதும் சரியாக இருப்பதில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தின் இன்றியமையாத கோப்பையே நச்சுநிரலாகக் கருதித் தனிமைப்படுத்தியது. உலகெங்கும் பல கணினிகள் செயலற்றுப்போயின.

இடையில் நின்றால்

புதிய நிலைப்பொருள் முழுமையாக வந்துசேரும் முன்னரே இணைப்பு அறுந்தால், பெரும்பாலான திசைவிகள் அரைகுறைக் கோப்பை ஏற்க மறுத்துவிடும். கேடு எதுவும் நேராது. ஆனால், பழையது அழிக்கப்பட்டுப் புதியது நினைவகத்தில் எழுதப்படும் வேளையில் மின்சாரம் நின்றால் திசைவி உயிரற்ற பெட்டியாகிவிடக்கூடும். ‘அது செங்கல்லாகிவிட்டது’ என்று பொறியாளர்கள் அந்நிலையைக் குறிப்பிடுவர். இரண்டு படிகளைச் சேமித்து வைக்கும் திசைவிகள் பழைய பதிப்புக்குத் திரும்பி இத்தீங்கிலிருந்து தப்புகின்றன.

வழிவிடும் முறை

தடுப்பு மென்பொருளை முற்றிலும் நீக்குவது அறிவுடைமை ஆகாது. எச்சரிக்கை எழுந்தால் அதனைப் புறக்கணிப்பதும் தகாது. தாக்குவோர் போலி நிலைப்பொருளைப் பரப்பவும் கூடும். எனவே, சோதனை முதலில், வழிவிடுதல் பின்னர்.

திசைவியின் அடிப்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள சீட்டில் மாதிரிப் பெயரும் வன்பொருள் பதிப்பும் இருக்கும். அவற்றுக்குரிய கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். அத்தளத்தில் ‘ஷா-256’ என்னும் சரிபார்ப்புத் தொடர் தரப்பட்டிருப்பின், நம் கோப்பிலிருந்து கணித்த 64 குறியீடுகளோடு அதனை ஒப்பிடலாம். ஒரு குறியீடு வேறுபட்டாலும் அக்கோப்பைக் கைவிட வேண்டும்.

கோப்பு சரியென உறுதியான பின், கணினியையும் திசைவியையும் கம்பிவடத்தால் இணைக்க வேண்டும். வெளியிலிருந்து திசைவிக்கு வரும் இணைய வடத்தைக் கழற்றிவிடலாம். கோப்பை ஏற்றுவதற்கு இணையம் தேவையில்லை. பிற கருவிகளின் வைஃபை இணைப்பையும் துண்டித்துவிட்டால், காவல் தளரும் நேரத்தில் கணினியை அணுக வேறு வழி இருக்காது. அதன்பின், மறிக்கும் அப்பகுதியை மட்டும் சில நிமிடங்களுக்கு நிறுத்தலாம். மின்தடை நேராதவாறு யூபிஎஸ் துணையோடு பணியைச் செய்தல் நன்று. புதுப்பிப்பு முடிந்ததும் காவலை மீண்டும் இயக்கிய பின்னரே இணைய வடத்தைப் பொருத்த வேண்டும். தொடக்கக் கடவுச்சொல் மாற்றப்படாதிருப்பின் அப்போதே மாற்றிவிட வேண்டும்.

இணையச் சேவை நிறுவனம் வழங்கும் கண்ணாடியிழைப் பெட்டிகள் பலவற்றை அந்நிறுவனமே தொலைவிலிருந்து புதுப்பிக்கிறது. அவற்றில் நாமாகக் கோப்பை ஏற்ற முயலாமல், நிறுவனத்தைக் கேட்டறிவதே முறை.

தெரிந்து தெளிவோம்

இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன்கீழ் இயங்கும் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 பிப்ரவரி 21 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. நச்சுநிரலை நீக்கும் கருவிகளை இம்மையம் கட்டணமின்றி வழங்குகிறது. இணையவழிப் பண மோசடிக்கு ஆளானோர் 1930 என்னும் எண்ணில் புகார் அளிக்கலாம்.

பாதுகாப்பு என்பது ஒருமுறை நிறுவிவிட்டு மறந்துவிடும் பொருளன்று. வீட்டில் பலர் பயன்படுத்தும் திசைவியின் நிலைப்பொருள் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதை அறிந்தவர் சிலரே. அதன் மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து பதிப்பு எண்ணையும் நாளையும் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். அந்நிமிடங்கள் நம் வீட்டோடு, நாம் அறியாத பிறர் வீடுகளையும் காக்கின்றன.