சினிமாவில் ஆள் உயர அட்டை! சேரங்கோட்டில் அரை விரல் அட்டை!

இருட்டுச் சதுப்பு. கையில் துப்பாக்கியோடு ஒரு மளிகைக் கடைக்காரர். அவருக்கு முன்னால் அவருடைய மனைவியும், அவளுடைய கள்ளக்காதலனும். இருவரையும் தண்ணீருக்குள் விரட்டுகிறார். கொல்வதற்கு அல்ல, பயமுறுத்தத்தான்!

அடுத்த நிமிடம், கன்னங்கரேல் என்று, வழவழவென்று இரண்டு உருவங்கள் தண்ணீரிலிருந்து எழும்புகின்றன. அலறுவதற்குள் ஜோடியை இழுத்துக்கொண்டு மூழ்கி விடுகின்றன.

அவை என்ன? முதலையா? பேயா?

அட்டை! ஆமாம், காலில் ஒட்டி ரத்தம் குடிக்குமே, அதே அட்டைதான். ஆனால் ஆள் உயரம்!

பதற வேண்டாம். இது சினிமா. 'அட்டாக் ஆப் தி ஜயன்ட் லீச்சஸ்' என்ற அமெரிக்கப் படம். 1959-ல் வந்தது. இதற்கும் நீலகிரி மலையில் உள்ள சேரங்கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? வருகிறேன்.

8 நாளில் படம்

குறைந்த காசில் பயங்கரப் படம் எடுப்பதில் பேர் போனவர் ராஜர் கார்மன். அவரும் அவர் தம்பி ஜீன் கார்மனும் சேர்ந்து தயாரித்த படம் இது. டைரக்டர் பெர்னார்டு கோவால்ஸ்கி. செலவு சுமார் 70 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் நம் பணம் மூன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. 8 நாளில் படப்பிடிப்பு முடிந்துவிட்டது. நம் ஊரில் ஒரு பாட்டு எடுக்கவே அத்தனை நாள் ஆகும்!

கதை நடப்பது புளோரிடாவில் உள்ள பெரிய சதுப்புக் காட்டில். எடுத்ததோ லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் ஒரு தாவரவியல் தோட்டத்துக் குளத்தில். கேமரா வைத்த தெப்பத்தைத் தள்ள ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டுமே என்று ஜீன் கார்மனே தண்ணீரில் இறங்கித் தள்ளினாராம். நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்தது தான் மிச்சம் என்று சொல்வார்கள்.

சரி, அந்த ராட்சத அட்டை? கறுப்பு மழைக்கோட்டுகளை ஒன்றோடொன்று தைத்து, உள்ளே ஆளை விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான்! இன்று பார்த்தால் பயம் வராது, சிரிப்புதான் வரும். அட்டை ஏன் பெரிதானது என்பதற்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். பக்கத்தில் ராக்கெட் தளம் இருக்கிறது, அதிலிருந்து வந்த கதிரியக்கம் என்கிறார்கள். அந்தக் காலத்துப் படங்களில் எறும்பு பெரிதானாலும் சரி, சிலந்தி பெரிதானாலும் சரி, பழி அணுவின் தலையில்தான் விழும்.

கடைசியில் தண்ணீருக்குள் வெடி வைக்கிறார்கள். அட்டைகள் செத்து மிதக்கின்றன. 62 நிமிடத்தில் படம் முடிந்துவிடுகிறது.

நிஜ அட்டை

இனி சேரங்கோடு. நீலகிரி மாவட்டம், பந்தலூர் தாலுகா. தாண்டினால் கேரளத்து வயநாடு. ஏரியும் படகும்தான் நீலகிரி என்று நினைத்து ஊட்டிக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சுற்றிலும் தேயிலைக் குன்றுகள். இரண்டு குன்றுக்கு நடுவே பள்ளத்தில் சதுப்பு நிலம். இந்தப் பக்கத்தில் அதை 'வயல்' என்பார்கள்.

1964-ல் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. 'டான்டீ' என்கிறோமே, அதுதான். சேரங்கோட்டிலும் டான்டீ தோட்டம் உண்டு. கண்டி, நுவரெலியாப் பக்கம் அட்டைக்கடி பட்ட கால்கள் இங்கே வந்தும் அட்டைக்கடி பட்டன. கடல் தாண்டினாலும் அட்டை விடவில்லை!

வெயில் காலத்தில் தேடினாலும் ஒன்று கிடைக்காது. ஈர மண்ணுக்குள்ளும் சருகுக்கு அடியிலும் சுருண்டு கிடக்கும். ஜூனில் தென்மேற்கு மழை பிடித்ததோ இல்லையோ, புல் நுனியில், தேயிலைச் செடியின் அடித்தூரில், பாதை ஓரத்தில், எங்கே பார்த்தாலும் அதுதான். நீளம் அரை விரல் இருக்கும். ஒல்லியோ நூல் மாதிரி. ஆள் நடக்கும் அதிர்ச்சி, மூச்சுக் காற்று, உடம்புச் சூடு, இவற்றை வைத்து மோப்பம் பிடித்து ஆளைத் தேடி வந்துவிடும்.

வாயில் மூன்று தாடை. கடிப்பது பெரும்பாலும் தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை உள்ளே விடுகிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு குடித்து, உருண்டு திரண்டு, தானே கழன்று விழும். அது போன பிறகுதான் வேடிக்கை. ரத்தம் நிற்காது! சாயங்காலம் காலுறையைக் கழற்றும்போது சிவப்பாக நனைந்திருப்பதைப் பார்த்துத்தான் பலருக்கு விஷயமே தெரியும். பிறகு நாள் கணக்கில் அரிப்பு. சொறிந்தால் புண்.

கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் படங்கு கட்டிக்கொள்வார்கள். காலில் சுண்ணாம்பு, புகையிலைத் தண்ணீர், சோப்பு, உப்பு என்று ஆளுக்கு ஒரு வைத்தியம். மழை கொஞ்சம் பலமாக அடித்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். நின்று நின்று அட்டை பிடுங்க நேரம் ஏது? எடை போடுகிற நேரத்துக்குள் கூடை நிரம்ப வேண்டும். கை கொழுந்தில், கால் அட்டைக்கு!

சினிமா அட்டை ஒரு படத்தில் நாலைந்து பேரைத்தான் பிடித்தது. இது ஒவ்வொரு வருஷமும் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, ஒரு தோட்டம் முழுவதையும் பிடிக்கிறது.

பெரிதாகுமா?

அட்டை நிஜமாகவே ஆள் உயரம் வளருமா? வளராது. அட்டைக்கு நுரையீரல் கிடையாது. தோலால்தான் மூச்சு விடுகிறது. அதனால்தான் அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும். உடம்பு பெருக்கப் பெருக்க, உள்ளே இருக்கும் சதைக்குத் தேவையான காற்றை மேல் தோலால் கொடுத்து மாளாது. ஆள் உயர அட்டை மூச்சு முட்டியே செத்துப்போகும். வெடி வைக்க வேண்டிய வேலையே இல்லை!

ஆனாலும் தென் அமெரிக்காவில் அமேசான் பக்கத்துச் சதுப்புகளில் ஒரு ஜாதி உண்டு. ஒன்றரை அடி வரை வளரும். நல்லவேளை, அது அங்கேயே இருக்கிறது.

அட்டை மேல் பழி மட்டும் போடுவது நியாயமில்லை. சித்த வைத்தியத்தில் கெட்ட ரத்தம் எடுக்க 'அட்டை விடுதல்' என்று ஒரு முறையே உண்டு. துண்டான விரலை ஒட்ட வைத்த பிறகு தேங்கி நிற்கும் ரத்தத்தை இழுக்க, இன்றும் பெரிய ஆஸ்பத்திரிகளில் அட்டை விடுகிறார்கள். அது தண்ணீரில் வாழும் வேறு ஜாதி.

விக் வைத்த யானை

இந்த மாதிரிப் படம் நம் ஊரில் எடுக்கவில்லையா? எடுத்தார்கள்! அட்டைப் படத்துக்கும் 7 வருஷம் முன்னால், 1952-ல். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம், அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து 'தி ஜங்கிள்' எடுத்தார். தமிழில் 'காடு'. ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகிய ஹாலிவுட் நட்சத்திரங்களோடு நம் நம்பியாரும் நடித்தார்.

யானைக் கூட்டம் மிரண்டு ஊர்களைத் துவம்சம் செய்கிறது. காரணம் என்ன என்று காட்டுக்குள் தேடிப் போகிறார்கள். எப்போதோ அழிந்துபோன சடை யானைகள் உயிரோடு இருப்பதுதான் காரணம்! அந்தச் சடை யானைக்கு எங்கே போவது? நம் யானைகளுக்கே ரோமம் மாட்டி நடக்க விட்டார்கள். அமெரிக்காவில் ஆளுக்கு மழைக்கோட்டு. சேலத்தில் யானைக்கு விக்!

சேரங்கோட்டுக்காரர்களுக்கு அந்த விக்கும் தேவையில்லை. சாதாரண யானையே போதும். வயநாட்டுக்கும் முதுமலைக்கும் யானை போய்வரும் வழியில்தான் இந்தத் தோட்டங்கள் இருக்கின்றன. பக்கத்துச் சேரம்பாடிப் பகுதியில் 2020 டிசம்பரில் 3 பேர் யானை தாக்கி இறந்தார்கள். 'சங்கர்' என்று பெயர் வைக்கப்பட்ட அந்த யானையை வனத்துறையினர் கும்கிகளோடு போய், மயக்க ஊசி போட்டு, 2021 பிப்ரவரியில்தான் பிடிக்க முடிந்தது. 2024 டிசம்பரில் 'புல்லட்' என்ற இன்னொரு யானை. அரிசி வாசனைக்கு வீடு வீடாகச் சுவரை இடித்தது. அதையும் பிடித்து லாரியில் ஏற்றினார்கள்.

லைன் வீட்டுச் சுவர் யானைக்கு எம்மாத்திரம்? அரிசி மூட்டையை எந்த அறையில் வைப்பது, பிள்ளைகளை எந்த அறையில் படுக்க வைப்பது என்று யோசித்துத்தான் ராத்திரி விளக்கை அணைக்கிறார்கள்.

காலையில் வேலைக்குக் கிளம்பினால் முதலில் பார்ப்பது பள்ளத்தைத்தான். பனி மூட்டத்தில் கறுப்பாக ஏதாவது நிற்கிறதா? நின்றால் கூடையைக் கீழே வைத்துவிட்டு ரோட்டிலேயே காத்திருக்க வேண்டியதுதான். யாராவது தகரத்தைத் தட்டுவார்கள். யானை மெல்ல அசைந்து அடுத்த குன்றுக்குப் போகும். அது கண்ணுக்கு மறைந்த பிறகு, இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் கணுக்காலில் தடவிக்கொண்டு செடிக்குள் இறங்குகிறார்கள்.