மண்ணைக் காக்கும் வலையா, உயிரை மாய்க்கும் வலையா?

ஆனைமலையிலே மழை கொட்டுகிறது, மண் கரைகிறது, சாலை சரிகிறது. 2024 ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டிலே மலை பெயர்ந்து வந்து ஊரை விழுங்கியதை நாம் மறந்துவிடவில்லை. தோட்டத் தொழிலாளியின் குடியிருப்பும் சரிவுகளுக்கிடையேதான்! ஆகவே, மண்ணைக் கட்டு என்கிறோம். கட்டத்தான் வேண்டும். எதைக் கொண்டு கட்டுவது? அதுதான் கேள்வி.

உலகெங்கும் விற்கிறார்கள் ஒரு பொருள். வைக்கோல் பாய், அதன்மேல் பிளாஸ்டிக் வலை. சரிவிலே விரித்தால் மண் நிற்கிறது, புல் முளைக்கிறது. உண்மை! ஆனால் அவ்வழியே வருகிறது ஒரு பாம்பு. கண்ணியிலே தலை நுழைகிறது. பருத்த நடுவுடல் நுழையவில்லை. பின்வாங்கவோ செதில் விடவில்லை. திமிறத் திமிற இழை அறுக்கிறது, வெயில் வாட்டுகிறது, முடிந்தது கதை! அமெரிக்காவிலே ஆய்வாளர்கள் இந்தச் சாவுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். புல் வேரூன்றி வலையின் வேலை தீர்ந்த பிறகும் வலை மட்குவதில்லை, பொறியாகவே கிடக்கிறது.

"பாம்புதானே, ஒழியட்டும்!" என்பார் சிலர். எலியைத் தின்று உழவனின் விளைச்சலைக் காக்கும் சாரை, கூலி கேட்காத காவலாளி அல்லவா? ஆனைமலை மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்பினத்துக்கு, தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகிலே வேறு வீடு ஏது?

பாம்போடு நிற்கிறதா கதை? நீலகிரி மலைரயில் பாதையில், ஹில்குரோவ் அருகே எழுப்பிய சுவர், யானைக் கூட்டத்தின் வழியை மறித்தது. நாடே அந்தக் காட்சியைக் கண்டது. 2022-இல் சுவரை இடித்தார்கள். கட்டுமுன் ஒரு கணம் எண்ணியிருந்தால், இடிக்கும் வேலை மிச்சமாகியிருக்குமே!

மாற்று எங்கே? மலையடிவாரத்திலேயே! பொள்ளாச்சியிலே, ஆணும் பெண்ணும் தூசியிலே நின்று பிரிக்கிறார்களே தென்னை நார், அதுதான் மாற்று. நார்க்கயிற்று வலை சில ஆண்டு மண்ணைத் தாங்கும். புல் வேரூன்றியதும் மட்கி மண்ணாகும். 2020-இல் மத்திய அரசே கிராமச் சாலைகளுக்கு நார்விரிப்பை ஏற்றது. தமிழ்நாட்டின் பங்கு 369 கிலோமீட்டர்.

ஆனால், பெயரைக் கண்டு ஏமாறவேண்டாம்! நார்ப்பாய்க்கு மேலும் கீழும் பிளாஸ்டிக் வலை தைத்து விற்பதுமுண்டு. அது ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்! பிளாஸ்டிக் இழையே கூடாது. கண்ணிகள் நெகிழ்ந்து கொடுக்கவேண்டும். ஒப்பந்தத்திலே இந்த இரண்டு வரிகளை எழுதினால் போதும்.

மலை நிற்கும், பாம்பு பிழைக்கும், நார்த் தொழிலாளியின் அடுப்பு எரியும். இரண்டு வரி எழுத, ஆள்வோரின் பேனாவிலே மையா இல்லை?