பாடகியும் இரண்டு அரங்குகளும்

ஒப்பந்தம் என்பது இருவர் தமக்குள் செய்துகொள்ளும் கட்டு. அதில் கையொப்பமிடாத மூன்றாமவரை அது கட்டுப்படுத்தாது என்பது சட்டத்தின் பழைய கோட்பாடு. அங்ஙனமாயின், மூன்றாமவர் ஒருவர் வெளியில் நின்றே அக்கட்டை அவிழ்க்கத் தூண்டினால், இழப்புற்றவர் எவர்மீது வழக்குத் தொடுப்பது? இவ்வினா இலண்டன் மாநகரின் இசைநாடக அரங்குகளுக்கிடையே எழுந்தது.

1852ஆம் ஆண்டில் பெஞ்சமின் லம்லி என்பார், தம் அரங்கில் மூன்று மாதங்கள் பாடுவதற்கு யோகன்னா வாக்னர் என்னும் ஜெர்மானியப் பாடகியை அமர்த்தியிருந்தார். வேறெங்கும் பாடுவதில்லை என்பதும் உடன்பாட்டில் அடங்கும். கோவென்ட் கார்டன் அரங்கை நடத்திய பிரெடரிக் கை, மிகுதியான ஊதியம் தருவதாகக் கூறி அவரைத் தம்பக்கம் ஈர்த்தார். லம்லி நீதிமன்றத்தை நாடினார். ஒருவரை வற்புறுத்திப் பாடவைக்க எந்த ஆணையாலும் இயலாது; பிற அரங்கில் பாடாமல் தடுக்க இயலும். தடையாணை பிறந்தது. அப்பருவத்தில் வாக்னரின் பாட்டை இரண்டு அரங்கினரும் கேட்கவில்லை!

லம்லி அத்துடன் நிற்கவில்லை. கை என்பவரிடமே இழப்பீடு கோரினார். 'நான் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பினன் அல்லேனே' என்பது எதிர்வாதம். பிறர் பணியாளைக் கவர்ந்து செல்வதைக் குற்றமாகக் கருதும் வழக்கம் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. கொள்ளைநோயால் மக்கள் மாண்டு வேலையாட்கள் அருகிய காலத்தில், 1351இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம் அதற்கு வலுவூட்டியது. புகழ்பெற்ற பாடகியை அத்தகைய பணியாளுடன் ஒப்பிடலாமா? ஒப்பிடலாகாது என்றார் நீதிபதி கோல்ரிட்ஜ். அவருடைய மறுப்புரை இன்றும் படிக்கத்தக்கது. ஏனைய மூவரோ, ஒப்பந்தம் இருப்பதை அறிந்தே தீயநோக்குடன் அதை முறிக்கத் தூண்டுவது தனியொரு தீங்கு என 1853இல் தீர்ப்பளித்தனர். கை மீறியது ஒப்பந்தத்தை அன்று; பிறர் உரிமையில் தலையிடாதிருக்கும் பொதுக்கடமையை.

இதனால் வணிகப் போட்டியே தவறாகிவிடாது. எவருடனும் உடன்பாடு கொள்ளாத பாடகிக்கு இருமடங்கு ஊதியம் தந்து அழைப்பது போட்டி. உடன்பாட்டில் இருப்பவரை அறிந்தே பிரித்தெடுப்பது தலையீடு. இரண்டையும் பிரிக்கும் கோடு 'அறிதல்' என்னும் ஒரு சொல்லில் அமைந்துள்ளது. லம்லியின் வழக்கிலேயே அது வெளிப்பட்டது. 1854இல் உண்மைகளை ஆராய்ந்த நடுவர் குழு, லம்லியின் ஒப்பந்தம் வாக்னரைக் கட்டுப்படுத்தாது எனக் கை மெய்யாகவே நம்பினார் என்று கண்டது. சட்டக் கோட்பாட்டை நிலைநாட்டிய லம்லிக்கு இழப்பீடு கிட்டவில்லை.