அவையில் பழகுதல்

நுழையும்முன்

நண்பர்களோடு மணிக்கணக்கில் உரையாடும் ஒருவர், அதே நண்பர்கள் வரிசையாக அமர்ந்து தம்மை உற்று நோக்கும்போது நாவறண்டு நிற்பது ஏன்? கேட்போர் மாறவில்லை, மொழியும் மாறவில்லை. இந்த அச்சத்தைத் தனியே வெல்ல முயல்வதைவிடப் பலர் கூடி வெல்வது எளிது என உணர்ந்தோர் அமைத்தவையே பேச்சுப் பயிற்சி மன்றங்கள். அவை இயங்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

திருவள்ளுவர் பொருட்பாலில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களைப் பேச்சாற்றலுக்கென வகுத்துள்ளார். அவற்றுள் ஒன்று முழுவதும் அச்சத்தைப் பற்றியதாக இருப்பது கருதத்தக்கது. பல நூல்களைக் கற்றிருந்தும் அவைக்கு அஞ்சுவோரின் கல்வி பிறருக்குப் பயன்படாமற் போவதை அவ்வதிகாரம் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கிறது. இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. நேர்முகத் தேர்விலும் ஊர்க்கூட்டத்திலும் விடை தெரிந்தவர் வாய்திறவாதிருக்க, துணிந்தவரின் கருத்தே முடிவாகிவிடுவதை நாம் காண்கிறோம்.

அச்சம் நீங்க வேண்டுமெனில் அவையில் நிற்க வேண்டும். அவையில் நிற்க அச்சம் தடையாக உள்ளது. இந்தச் சிக்கலுக்கு எளிய விடையொன்றைக் கண்டவர் அமெரிக்கரான ரால்ஃப் ஸ்மெட்லி. கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கல்விப் பணியில் இருந்த அவர், அங்கு வரும் இளைஞர்களுக்குக் கூட்டம் நடத்தவும் கோவையாகப் பேசவும் தெரியவில்லை என்பதைக் கவனித்தார். 1905ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டன் நகரில் அவர்களுக்கென ஒரு மன்றத்தைத் தொடங்கினார். விருந்துகளில் பேச்சாளர்களை அறிமுகப்படுத்தி, வாழ்த்துரை கூறுபவரை ஆங்கிலத்தில் 'டோஸ்ட்மாஸ்டர்' என்பர். கூட்டம் விருந்துக்குப் பிந்தைய உரையரங்கை ஒத்திருந்ததால் மன்றம் அப்பெயரையே பெற்றது. ஸ்மெட்லி பணி மாறுதலில் வேறு ஊர்களுக்குச் சென்றபோது அங்கும் மன்றங்களைத் தொடங்கினார். அவர் ஊரைவிட்டு நீங்கியதும் அவை ஒவ்வொன்றாக நின்றுபோயின.

1924ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், அதே சங்கக் கட்டடத்தின் நிலவறையில் அவர் தொடங்கிய மன்றமே நிலைத்தது. அக்கம்பக்கத்து ஊர்களும் அதைப் பின்பற்றின. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்தும் ஆர்வம் எழவே, 1930இல் கூட்டமைப்பு 'டோஸ்ட்மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனல்' எனப் பெயர் கொண்டது. இன்று சென்னை, கோவை உள்ளிட்ட நகரங்களிலும் இத்தகைய மன்றங்கள் கூடுகின்றன. தமிழிலேயே நடைபெறும் மன்றங்களும் உள்ளன.

கூட்டம் நிகழும் முறை

இம்மன்றங்களில் ஆசிரியர் என ஒருவர் இல்லை. ஸ்மெட்லியின் திட்டத்தில் மிகத் துணிவான கூறு இதுவே எனலாம். பேசுபவரும் உறுப்பினர், திருத்துபவரும் உறுப்பினர். அடுத்த கூட்டத்தில் இருவரும் இடம் மாறிக்கொள்வர்.

கூட்டம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நிகழும். முதலில் ஆயத்த உரைகள் இடம்பெறும். ஓர் உரைக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நிமிடங்கள். நேரக் கண்காணிப்பாளர் ஐந்தாம் நிமிடத்தில் பச்சை அட்டையையும், ஆறாம் நிமிடத்தில் மஞ்சள் அட்டையையும், ஏழாம் நிமிடத்தில் சிவப்பு அட்டையையும் உயர்த்துவார். நம் மேடைகளில் பேச்சாளரின் கையில் துண்டுச்சீட்டைத் திணிக்கும் வழக்கத்தைக் கண்டவர்கள் இந்த அட்டைகளின் அருமையை அறிவர்.

அடுத்தது உடனடிப் பேச்சு. தலைப்பு அந்த நொடியில்தான் அறிவிக்கப்படும். ஒன்று முதல் இரண்டு நிமிடங்கள் பேச வேண்டும். புதியவர்கள் இப்பகுதிக்கே மிகவும் அஞ்சுவர். ஆயினும் வாழ்க்கையில் நாம் ஆற்றும் உரைகளில் பெரும்பாலானவை இவ்வகையினவே. நேர்முகத் தேர்வில் எவரும் வினாவை முன்கூட்டியே தருவதில்லை.

ஒருவர் இடைநிரப்புச் சொற்களை எண்ணுவார். 'வந்து', 'அதாவது', 'ம்...' என்பவை உரையில் எத்தனை முறை வந்தன என்பதை இறுதியில் அறிவிப்பார். தம் உரையில் 'வந்து' இருபது முறை வந்ததென அறிபவர் முதலில் நம்ப மறுப்பார். பின்னர்த் தாமே கவனிக்கத் தொடங்குவார். மொழிப் பிழைகளைக் குறித்துக்கொள்வதும், அன்றைக்கென ஒரு புதுச்சொல்லை அறிவித்து அதனைப் பேச்சில் பயன்படுத்தச் செய்வதும் மற்றொருவரின் பணி.

மதிப்பீடு

கூட்டத்தின் உயிர்நாடி மதிப்பீடே. ஒவ்வோர் ஆயத்த உரைக்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. அவர் இரண்டு அல்லது மூன்று நிமிடங்களில், அனைவர் முன்னிலையிலும், தாம் கண்டதைக் கூற வேண்டும். 'உரை நன்றாக இருந்தது' என்று சொல்லி அமர்வது எளிது; அதனால் பேசியவருக்குப் பயனில்லை. 'உங்களுக்குப் பேச்சு வராது' என்பது தீங்கே விளைவிக்கும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் தம் ஊர்க் குளம் தூர்ந்துபோனதைப் பற்றி உரையாற்றினார் எனக் கொள்வோம். 'குளத்தில் நீந்திய நாளை விவரித்தபோது அவை அசையாமல் கேட்டது. ஆனால், அந்த நிகழ்ச்சி உரையின் முடிவில்தான் வந்தது. அதனைத் தொடக்கத்தில் வைத்துப் பாருங்கள்' என்று மதிப்பீட்டாளர் கூறினால், அடுத்த உரைக்குச் செய்ய வேண்டிய பணி ஒன்று பேசியவரின் கைக்குக் கிடைக்கிறது. இவ்வாறு கூறுவதற்கு முழுக்கவனத்தோடு கேட்டிருக்க வேண்டும். ஆதலின், இம்மன்றங்கள் பேசக் கற்பிப்பதாகச் சொல்லிக்கொண்டு கேட்கவும் கற்பிக்கின்றன.

மூடியிருந்த கதவு

பேச்சச்சத்தைப் போக்க எழுந்த இவ்வமைப்பே அரை நூற்றாண்டுக்காலம் பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. ஹெலன் பிளான்சர்டு என்பவர் 1970இல் 'ஹோமர்' என்னும் ஆண்பெயரில் பதிவுசெய்யப்பட்டு மன்றத்தில் சேர்ந்தார். 1973இல்தான் விதி மாறியது. அதே ஹெலன் 1985இல் அவ்வமைப்பின் முதல் பெண் தலைவரானார். மேடையில் ஏறும் துணிவை வளர்ப்பதைப் போலவே, மேடைக்குச் செல்லும் வழியை யார் அடைத்து வைத்திருக்கிறார் என்று வினவுவதும் தேவையாகிறது. நம் வகுப்பறைகளில் வரவேற்புரை எப்போதும் ஒருவருக்கே வழங்கப்படுவதையும் இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

தமிழ் மன்றங்களின் தனிச்சிக்கல்

தமிழில் பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் வெகுவாக வேறுபடுகின்றன. ஆயத்த உரையில் செந்தமிழ் நடையில் முழங்கும் ஒருவர், உடனடிப் பேச்சில் இரண்டாம் தொடரிலேயே பேச்சுவழக்குக்கு மாறிவிடுவார். சிலர் ஆங்கிலச் சொற்களைத் துணைக்கு அழைப்பர். எந்த நடை சிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மனப்பாடம் செய்த அடுக்குமொழியைவிட, சொந்தக் கருத்தைத் தாங்கிய எளிய தமிழே கேட்போரிடம் நெடுநேரம் தங்குகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

இம்மன்றங்களில் உறுப்பினராகப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த வயதினருக்கெனக் 'கேவல்' மன்றங்கள் உள்ளன. கூட்டத்தலைவர் மேசையில் தட்டும் மரச்சுத்தியலின் ஆங்கிலப் பெயர் அது. அத்தகைய மன்றம் இல்லாத ஊரிலும் வகுப்பறையில் இதனை நடத்த இயலும். ஒரு பாடவேளையில் இரண்டு ஆயத்த உரைகள், நான்கு உடனடிப் பேச்சுகள், இரண்டு மதிப்பீடுகள் அடங்கிவிடும். தேவைப்படுபவை மூவண்ண அட்டைகளும் ஒரு கடிகாரமும். இதுவரை ஒருமுறையும் பேசாத மாணவருக்கு முதல் வாரத்தில் கடிகாரத்தைக் கொடுக்கலாம். அவர் எழுந்து நின்று நேர அறிக்கை வாசித்தாக வேண்டும். அதற்கு அரை நிமிடம் போதும்.