கத்திக்குள் ஒரு இழுபறி

எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டுக் கழுவாமல் வைத்த பழைய இரும்புக் கத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? அலகு கருத்துப்போயிருக்கும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு பேனாக்கத்திகளின் அலகும் இந்த வகைதான். இரும்பில் ஏறக்குறைய 1 சதவீதம் கார்பன் கலந்து, செக்கச்சிவக்கக் காய்ச்சி, சட்டென்று எண்ணெயில் முக்கினால் எஃகு கடினமாகும். கூர் நன்றாக நிற்கும். ஆனால் ஈரம் பட்டால் துருதான்.

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் அரிக்காமலிருக்க வழி தேடினார். இரும்போடு சுமார் 13 சதவீதம் குரோமியம் சேர்த்தார். அந்த எஃகு எளிதில் துருப்பிடிக்கவில்லை! குரோமியம், ஆக்சிஜனோடு கூடிக் கண்ணுக்குத் தெரியாத படலமாக எஃகை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே மறுபடி உருவாகிவிடும். சுவிட்சர்லாந்தின் ராணுவக் கத்தி நிறுவனம் 1921இல் இந்த எஃகின் பெயரையும் சேர்த்துத் தன் பெயரையே விக்டோரினாக்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

ஆனால் பிரியர்லியின் எஃகில் கார்பன் குறைவு. அதனால் கத்தி சீக்கிரம் மழுங்கியது. கார்பனைக் கூட்டிவிடலாமே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். கார்பனுக்குக் குரோமியம் என்றால் கொள்ளை ஆசை. அதைப் பிடித்து இழுத்து, குரோமியம் கார்பைடு என்ற கடினமான துகளாக மாறிவிடும். துகளுக்குள் மாட்டிக்கொண்ட குரோமியம் படலம் கட்ட வராது. கூர் வேண்டுமா, துருவில்லாமை வேண்டுமா? கத்தி எஃகின் வரலாறு முழுக்க இந்த இழுபறிதான்.

முதலில் குரோமியத்தை அள்ளிக் கொட்டினார்கள். அமெரிக்காவின் பக் நிறுவனம் 1960களில் தன் புகழ்பெற்ற 110 மடக்குக்கத்திக்கு எடுத்துக்கொண்ட 440சி எஃகில் குரோமியம் சுமார் 17 சதவீதம், கார்பன் சுமார் 1 சதவீதம். கூர் நின்றது. ஆனால் உருகிய எஃகு மெதுவாகக் குளிரும்போது கார்பைடு துகள்கள் பெரிதாக வளர்ந்துவிடும். பெரிய கடலை இருக்கும் இடத்தில் கடலைமிட்டாய் உடைவதுபோல, அங்கே விளிம்பு பெயரும். 1990களில் பக், சாணை பிடிக்க எளிதான 420எச்சி எஃகுக்கு மாறியது.

துகளைச் சிறிதாக்க ஒரு வழி உண்டு. உருகிய எஃகின் மீது வாயுவை வேகமாகப் பீய்ச்சினால் அது பொடிப்பொடியாகச் சிதறி நொடியில் உறையும். துகள்கள் வளர நேரமே இருக்காது. பிறகு அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக்குவார்கள். 2001இல் வந்த எஸ்30வி எஃகு இப்படிப் பிறந்தது. இதில் வனேடியமும் உண்டு. வனேடியம் கார்பைடு குரோமியம் கார்பைடைவிடக் கடினமானது.

எனக்கு மிகவும் பிடித்தது 2021இல் வந்த மேக்னாகட். லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர், கார்பன் எதனோடு சேரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, குரோமியத்தைச் சுமார் 11 சதவீதமாகக் குறைத்தார். 440சியைவிட இவ்வளவு குறைந்தும் துருவை அது அருமையாகத் தாங்குகிறது. காரணம், குரோமியம் ஏறக்குறைய கார்பைடில் சிக்குவதே இல்லை. கிட்டத்தட்ட எல்லாமே படலம் கட்ட வந்துவிடுகிறது.

வீட்டில் பேனாக்கத்தி இருந்தால், பெரியவர்களைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சில கத்திகளில் அலகின் அடியில் எஃகின் பெயர் பொறித்திருக்கும். அதில் எத்தனை சதவீதம் கார்பன், எத்தனை சதவீதம் குரோமியம் என்று தேடிப் பாருங்கள்.