பினாயில் வாசனை மட்டும் போதுமா?



எண்ணூர், மீஞ்சூர், திருவொற்றியூர் பக்கத்து ஊர்களிலிருந்து பிரசவத்துக்காக ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கு வருவோர் பலர். எந்த ஆஸ்பத்திரியிலும் பினாயில் வாசனை அடித்தால், "சுத்தமா இருக்குப்பா" என்கிறோம். வாசனை வேறு, கிருமி சாவது வேறு.

பிரசவமான தாயின் கர்ப்பப்பை ஆறாத புண்ணைப் போன்றது. அதில் கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. 1847 ஏப்ரலில் வியன்னா நகர ஆஸ்பத்திரி ஒன்றில் 100 தாய்மாருக்கு 18 பேர் வீதம் இறந்தனர். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு டாக்டர்கள் பிரசவமும் பார்த்தார்கள். டாக்டர் செம்மல்வைஸ், குளோரின் சேர்த்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். ஜூனில் சாவு 100-க்கு 2 ஆகக் குறைந்தது. நம் பிளீச்சிங் பவுடரும் அந்த இனமே.

மருந்தின் வீரியத்தை எப்படி அறிவது? 1903-ல் வந்த ரிடீல்-வாக்கர் சோதனையில், டைபாய்டு கிருமியைக் கொல்லும் சக்தியைக் கார்பாலிக் அமிலத்தோடு ஒப்பிடுகிறார்கள். எண் 10 என்றால், கார்பாலிக்கைவிடப் பத்து மடங்கு தண்ணீர் கலந்தாலும் அதே வேலை செய்யும். ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரை, தயாரித்த தேதி இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

நல்ல மருந்தும் தப்பாகப் பயன்படுத்தினால் வீண். பிரசவமான வீட்டில் கணவரே இதைச் செய்யலாம்:

1. தரையில் ரத்தம், அழுக்கு இருந்தால், கையுறை போட்டு முதலில் துடைத்தெடுத்து, சோப்பு நீரால் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் சக்தி வீணாகிவிடும்.

2. பிளாஸ்டிக் வாளியில் 1 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் (தலை தட்டி 3 டீஸ்பூன்) பிளீச்சிங் பவுடர் கரையுங்கள். அன்றன்றைக்குப் புதிதாகக் கரைப்பதே நல்லது.

3. தரையில் ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். "ஊத்தின உடனே துடைச்சாச்சு" என்றால் கிருமி சாகாது.

4. கடற்காற்றின் ஈரமும் வெயிலும் பவுடரின் வீரியத்தைக் குறைக்கும். இறுக மூடி, நிழலில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

5. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட், பினாயில் எதையும் கலக்காதீர்கள். ஆசிட் சேர்ந்தால் விஷவாயு வரும்.

இவை தரைக்கு மட்டுமே. தாயின் புண்ணிலோ குழந்தையின் தொப்புளிலோ போடக்கூடாது. பிள்ளையைத் தூக்குமுன் சோப்பால் கை கழுவுங்கள்.

பிரசவத்துக்குப்பின் தாய்க்குக் குளிர்காய்ச்சலோ, துர்நாற்றத்தோடு கசிவோ இருந்தால், "நாளைக்குப் பாக்கலாம்" என்று இருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தாய் நலமே குடும்ப நலம்!