ஒரு சீற்றுக்கு எத்தினை வோட்டு?

"எண்பதாயிரத்துக்கு மூண்டு சீற். அறுபத்து மூவாயிரத்துக்கு ஒண்டுதானோ? உது என்ன கணக்கு மாமா?"

கேட்டவன் அக்காவின் மகன். 2024 நவம்பர் 14 அன்று நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது அவனுக்கு வாக்கில்லை, அடுத்ததற்கு இருக்கும். அது எப்போது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நாடாளுமன்றத்தின் ஆயுள் ஐந்து வருடம். இரண்டரை வருடம் கழிந்தால் ஜனாதிபதி முன்கூட்டியும் கலைக்கலாம். தேத்தண்ணியை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் பழைய பேப்பரின் ஓரத்தில் எழுதத் தொடங்கினேன்.

மொத்தம் 225 ஆசனம். 29 தேசியப் பட்டியலுக்கு. அது நாடு முழுக்க விழுந்த வாக்கின்படி கட்சிகளுக்குப் போகும். மிச்சம் 196-ஐயும் 22 தேர்தல் மாவட்டங்கள் பங்குபோடுகின்றன. கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத்துக்கு இப்போது 6. 1989-இல் 11 இருந்தது, 2010-இல் 9, 2015-இல் 7. வாக்காளர் இடாப்பு மெலிய மெலிய ஆசனமும் மெலிகிறது. அந்த ஐந்து ஆசனமும் எங்கே போயின என்று அவன் கேட்கவில்லை. அவனுடைய சித்தப்பாமார் மூன்று பேரும் கனடாவில்.

இனி 6-க்கு வருவோம். மாவட்டத்தில் முதலாவதாக வந்த கட்சிக்குப் பங்குபோடத் தொடங்கும் முன்பே ஒரு ஆசனம். போனஸ். அடுத்து, ஐந்து வீதத்துக்குக் குறைவாக எடுத்த எல்லோரையும் வெட்டிவிட வேண்டும். தொலைபேசிச் சின்னம் அப்படித்தான் மயிரிழையில் போனது. 44 பட்டியல்கள் போட்டியிட்ட இடத்தில் இந்த வெட்டு லேசானதல்ல. செல்லுபடியான வாக்கில் கால்வாசிக்கு மேல் இதிலேயே கழிந்துவிட்டது.

தப்பியவர்கள் ஆறு பேர், சின்னங்களால் சொன்னால்: திசைகாட்டி 80,830. வீடு 63,327. சைக்கிள் 27,986. சுயேச்சைக் குழுவின் ஊசி 27,855. சங்கு 22,513. வீணை 17,730. கூட்டினால் 2,40,241. போனஸ் போக மிஞ்சிய ஐந்தால் பிரித்தால் 48 ஆயிரத்துச் சொச்சம். அதுதான் ஒரு ஆசனத்தின் முழு விலை.

"திசைகாட்டி ஒருக்கா வாங்கும். வீடும் ஒருக்கா வாங்கும். மற்றவைக்குக் காசு காணாது" என்றேன். "மிச்சம் மூண்டு சீற். இப்ப ஆற்றை கையில மிச்சக் காசு கூட எண்டு பார்."

அவனே பார்த்தான். திசைகாட்டியிடம் மிச்சம் 32 ஆயிரம். சைக்கிளும் ஊசியும் ஒன்றும் வாங்காததால் முழுக் காசோடு நிற்கின்றன. வீட்டிடம் 15 ஆயிரம்தான். மூன்றும் அந்த மூவருக்குப் போயின. திசைகாட்டிக்கு போனஸோடு மூன்று. வாக்கில் கால்வாசி, ஆசனத்தில் அரைவாசி.

எனக்கு இந்தப் போனஸ் ஒருநாளும் பிடித்ததில்லை. நிலையான அரசாங்கம் வேண்டும் என்பார்கள். பத்தொன்பது ஆசனமுள்ள கம்பகாவில் ஒன்று போனால் தெரியாது. ஆறில் ஒன்று தெரியும். போனஸ் இல்லாமல் ஆறால் பிரித்திருந்தால் திசைகாட்டிக்கு இரண்டு, வீட்டுக்கும் இரண்டு வந்திருக்கும்.

பழைய தொகுதி முறை இதைவிட மோசம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1977-இல் பாதி வாக்கை எடுத்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168-இல் 140. கிட்டத்தட்ட முப்பது வீதம் எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 8. ஏழு வீதம்கூட எடுக்காத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18; அதன் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1978-இல் விகிதாசாரம் வந்தது. 1982 சர்வசன வாக்கெடுப்பு பழைய நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிவிட்டதால், நாடாளுமன்றத்துக்கு அது நடைமுறைக்கு வந்தது 1989-இல்தான்.

வாக்குச்சீட்டில் அவன் செய்யவேண்டியது சின்ன வேலை. கட்சிக்கு ஒரு புள்ளடி. பிறகு அதே கட்சியின் ஒன்பது பேரில் மூன்று பேருக்கு வரை விருப்பு வாக்கு. விரும்பினால் போடலாம், விடலாம். ஆனால் சண்டை முழுக்க அங்கேதான். ஒரே பட்டியலில் நிற்பவர்களே ஒருவருக்கொருவர் எதிரி. வீட்டுக்குக் கிடைத்த ஒற்றை ஆசனம் சிறீதரனுக்குப் போனது, சுமந்திரன் வெளியே நின்றார்.

"சங்குக்காரர் முந்தி வீட்டோடதானே நிண்டவை?" என்றான். நான் சொல்லாமலே கூட்டினான். 85,840.

"மாமா, வீடு முதலாவது! போனஸ் இஞ்சால வரும்."

"சனம் அப்பிடியே கூட்டுத்தொகையாப் போடாதடா. பிரிஞ்ச கோபத்தில போட்டவையும் இருக்கினம், சேர்ந்திருந்தால் போட்டிருக்கமாட்டினம்" என்றேன். ஆனாலும் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். விலை மாறாது, அதே 48 ஆயிரம். வீட்டுக்கு மூன்று, திசைகாட்டிக்கு இரண்டு, சைக்கிளுக்கு ஒன்று.

"அப்ப ஊசிக்கு?"

"இல்லை."

அவனுடைய சிநேகிதன் வீட்டில் எல்லோரும் ஊசிக்குப் போட்டவர்கள். நம்பாமல் இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தான்.